கைகள் கற்கும் கணிதம்

“எங்கள் பிள்ளைக்கு மற்றப் பாடங்கள் எல்லாம் நன்றாக வருகின்றன, கணக்கு மட்டும் வராது.” நம் இல்லங்களில் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை. உறவினர் முன்னிலையிலும், பள்ளியின் பெற்றோர் கூட்டத்திலும், பிள்ளையை அருகில் நிறுத்திக்கொண்டே இவ்வாறு சொல்லுகிறோம். தமிழோ சமூக அறிவியலோ ‘வராது’ என்று இவ்வளவு எளிதாக எவரும் சொல்வதில்லை. கணக்கு வருவதும் வராததும் பிறவியிலேயே தீர்மானிக்கப்பட்டவை என்பதுபோல் நாம் பேசுகிறோம். நாளடைவில் பிள்ளையும் அதனை நம்பிவிடுகிறது.

இந்த நம்பிக்கை பெரும்பாலும் உயர்நிலை வகுப்புகளில்தான் வேரூன்றுகிறது. தொடக்கப் பள்ளியில் புளியங்கொட்டையை எண்ணியும் குச்சிகளைக் கட்டியும் கூட்டல் கழித்தல் கற்ற பிள்ளை, எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு வந்ததும் எழுத்துகளும் குறியீடுகளும் நிறைந்த ஓர் அந்நிய உலகில் நிற்கிறது. கைக்கு அங்கே வேலை இல்லை. கண்ணுக்கும் வேலை குறைவு. மனப்பாடம் ஒன்றே துணை. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து மேல்நிலைப் பாடப்பிரிவைத் தெரிந்துகொள்ளும் நாளில், “கணக்கு இல்லாத பிரிவு போதும்” என்று பிள்ளை முடிவு செய்கிறது. பதினைந்து வயதில் அச்சத்தால் எடுக்கும் அந்த முடிவினால் பொறியியல், இயற்பியல், புள்ளியியல் போன்ற துறைகளின் வாயில்கள் அடைபட்டுப் போகின்றன. விருப்பத்தினால் ஒரு துறையை விடுவது வேறு. அச்சத்தினால் விடுவது வேறு அன்றோ?

இந்த அச்சம் ஒரு வீட்டின் குறையன்று. நம் நாட்டின் பள்ளிக் கல்விக்கென 2005-ஆம் ஆண்டு தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு உருவானபோது, கணிதம் கற்பித்தலை ஆராய்ந்த குழு, தான் கண்ட குறைகளுள் முதலாவதாக இதனையே குறிப்பிட்டது: பெரும்பாலான குழந்தைகளிடம் கணிதத்தைப் பற்றிய அச்சமும் தோல்வி உணர்வும் குடிகொண்டுள்ளன என்பதே அது.

விதி முதலிலா, முடிவிலா?

அச்சத்தின் காரணம் என்ன? கணிதம் கடினமானது என்பது முழு விடையன்று. நாம் அதனைக் கற்பிக்கும் வரிசையே தலைகீழாக உள்ளது. வகுப்பில் முதலில் விதி வருகிறது. அடுத்து அவ்விதியின்படி ஓர் எடுத்துக்காட்டு. பிறகு அதே போன்ற இருபது கணக்குகள். விதி எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்ற வினாவுக்கு இடமே இல்லை. மனிதர் கணிதத்தைக் கண்டறிந்த வழி இதற்கு நேர் எதிரானது. அவர்கள் முதலில் அளந்தார்கள், வரைந்தார்கள், ஒப்பிட்டார்கள், ஐயுற்றார்கள். விதி இறுதியாகவே கிடைத்தது. அந்தப் பயணத்தின் ஒரு சிறு பகுதியையேனும் பிள்ளை தானே நடந்து பார்த்தால், விதி அதற்குச் சொந்தமாகிவிடும்.

இதற்கு விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் வேண்டுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. ஒரு தாள் போதும். இதனை உலகுக்குக் காட்டியவர் நம் சென்னை மாகாணத்தவரே என்பதை நம்மில் பலர் அறியோம்.

சென்னையில் பிறந்த ஒரு நூல்

மாகாண அரசின் வருவாய்த் துறையில் பணியாற்றிய சுந்தர ராவ் என்பவர், காகிதத்தை மடித்தே வடிவியலைக் கற்கும் முறையை விளக்கி, 1893-ஆம் ஆண்டில் சென்னையில் ஆங்கில நூல் ஒன்றை வெளியிட்டார். சின்னஞ்சிறு குழந்தைகளுக்கான ‘கிண்டர்கார்டன்’ பள்ளிகளில் வண்ணத் தாள்களை மடித்து விளையாடும் பழக்கத்தைக் கண்டதே இந்நூலுக்குத் தூண்டுகோல். குழந்தை விளையாட்டாகக் கருதப்பட்ட ஒன்றில் உயர்ந்த கணிதம் ஒளிந்திருப்பதை அவர் கண்டார். சதுரம், சமபக்க முக்கோணம், ஐங்கோணம், எண்கோணம் எனத் தொடங்கி, தொடர்வரிசைகள், பரவளையம் போன்ற வளைகோடுகள் வரை மடிப்பினாலேயே விளக்கினார்.

ஜெர்மானியக் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் தம் நூல் ஒன்றில் இதனைக் குறிப்பிட்டார். அதனால் இந்நூலை அறிந்த அமெரிக்கப் பேராசிரியர் இருவர் இதனைத் திருத்தி, 1901-இல் சிகாகோவில் பதிப்பித்தனர். வருவாய்க் கணக்கு பார்த்த ஓர் அலுவலரின் ஓய்வுநேரச் சிந்தனை கடல் கடந்து சென்றது. ஆனால் அது பிறந்த மண்ணின் வகுப்பறைகளில் எத்தனை இடங்களில் இன்று நுழைந்துள்ளது?

அவர் காட்டிய வழியில் நின்று, உயர்நிலை வகுப்பு மாணவர் செய்யக்கூடிய சில செயல்களை இங்கே காண்போம். இதனைப் படிக்கும்போதே ஒரு தாளை எடுத்து மடித்துப் பார்க்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம்.

முக்கோணத்தின் மூன்று கோணங்கள்

முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் 180 பாகை என்பது எல்லோரும் மனப்பாடம் செய்த செய்தி. தாளில் ஏதேனும் ஒரு முக்கோணத்தை வெட்டி, அதன் மிக நீண்ட பக்கத்தை அடிப்பக்கமாக வையுங்கள். அடிப்பக்கம் தன்மேலேயே படியுமாறு, மேல் உச்சி வழியாக ஒரு மடிப்பு இட்டுப் பிரியுங்கள். அது செங்குத்துக் கோடு. அக்கோடு அடிப்பக்கத்தைத் தொடும் புள்ளியில் மேல் உச்சியைக் கொணர்ந்து மடியுங்கள். பிறகு இடப்புற முனையையும் வலப்புற முனையையும் அதே புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். மூன்று கோணங்களும் ஒன்றையொன்று ஒட்டி, இடைவெளியின்றி ஒரே நேர்கோட்டில் அமர்வதைக் காண்பீர்கள். நேர்க்கோணம் 180 பாகை அல்லவா?

இத்துடன் நிறுத்த வேண்டாம். கையில் இப்போது இருப்பது ஒரு செவ்வகம். அதன் நீளம் அடிப்பக்கத்தில் பாதி. உயரம் முக்கோணத்தின் உயரத்தில் பாதி. தாள் எங்கும் இரண்டு அடுக்காக உள்ளது. அப்படியானால் முக்கோணத்தின் பரப்பு என்ன என்று கேளுங்கள். பாதி அடிப்பக்கத்தைப் பாதி உயரத்தால் பெருக்கி, இரண்டு மடங்காக்கினால், அடிப்பக்கம் பெருக்கல் உயரத்தில் பாதி என்னும் சூத்திரம் தானே வந்து நிற்கும். ஒரே மடிப்பில் இரண்டு பாடங்கள்!

இயற்கணிதமும் மடிப்பில் உண்டு

(அ + ஆ)² என்பதை விரிக்கும்போது அ² + ஆ² என்று எழுதி, நடுவிலுள்ள 2அஆ என்ற உறுப்பை விட்டுவிடும் மாணவர் மிகப் பலர். எத்தனை முறை திருத்தினாலும் இப்பிழை திரும்பத் திரும்ப வரும். ஒரு சதுரத் தாளைக் கொடுத்து, ஓர் ஓரத்திலிருந்து விருப்பமான தொலைவில் ஒரு மடிப்பும், அடுத்த ஓரத்திலிருந்து அதே தொலைவில் மற்றொரு மடிப்பும் இடச் செய்யுங்கள். விரித்தால் நான்கு பகுதிகள்: ஒரு பெரிய சதுரம், ஒரு சிறிய சதுரம், ஒரே அளவுள்ள இரண்டு செவ்வகங்கள். “அந்தச் செவ்வகங்களை எங்கே விட்டுவிட்டாய்?” என்ற ஒரு கேள்வி, பத்து முறை சிவப்பு மையால் திருத்துவதைவிடப் பயன் தரும்.

முடிவில்லாத ஒன்றின் முடிவு

முடிவிலாப் பெருக்குத் தொடரின் கூடுதல் பத்தாம் வகுப்பு மாணவரைத் திகைக்க வைக்கும் பகுதி. முடிவே இல்லாமல் கூட்டிக்கொண்டே போனால் விடை எப்படி ஒரு சிறிய எண்ணாக இருக்க முடியும்? ஒரு தாளைப் பாதியாக மடித்து, ஒரு பாதிக்கு வண்ணம் தீட்டுங்கள். மீதியில் பாதிக்கு மீண்டும் வண்ணம். அதன் மீதியில் பாதிக்கு மீண்டும். ½ + ¼ + ⅛ என்று கூட்டல் வளருகிறது. ஆயினும் தாளின் எல்லையை அது ஒருபோதும் தாண்டாது. பத்து முறைக்குப் பின் எஞ்சும் வெண்பகுதி தாளில் 1,024-இல் ஒரு பங்கே. கூடுதல் 1-ஐ நோக்கி நெருங்குவதைக் கண்ட பிள்ளைக்குச் சூத்திரம் ஒரு புதிராக இராது.

கடையில் வாங்கும் தாளில் ஒரு விகிதமுறா எண்

படி எடுக்கும் கடைகளில் வழங்கும் ‘ஏ4’ தாள் 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் நீளமும் உடையது. இத்தகைய விந்தையான அளவு ஏன்? நீளத்தை அகலத்தால் வகுத்தால் ஏறத்தாழ 1.414 வரும், அதுவே √2-இன் மதிப்பு. தாளின் ஒரு மூலையில் குறுகிய ஓரத்தை நீண்ட ஓரத்தின்மேல் படிய மடித்தால் ஒரு சதுரமும் அதன் மூலைவிட்டமும் கிடைக்கும். அந்த மூலைவிட்டத்தை நீண்ட ஓரத்தோடு ஒப்பிட்டால் இரண்டும் சமம். இவ்விகிதம் இருப்பதால்தான் தாளைப் பாதியாக வெட்டினாலும் அதே வடிவம் மாறாமல் கிடைக்கிறது.

இவ்வரிசையில் மிகப் பெரிய தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர். அதனை நான்கு முறை பாதியாக்கினால் ஏ4 தாள். அதாவது பதினாறில் ஒரு பங்கு. தாள் கட்டின் உறையில் ‘80 ஜி.எஸ்.எம்.’ என்று அச்சிட்டிருந்தால், ஒரு சதுர மீட்டரின் எடை 80 கிராம் என்பது பொருள். எனவே ஒரு தாள் 5 கிராம். 500 தாள் கொண்ட கட்டு இரண்டரைக் கிலோ. மாணவர் கணக்கிட்டுச் சொல்லட்டும். பிறகு தராசில் நிறுத்துப் பார்க்கட்டும். தம் கணக்கும் தராசும் ஒத்துப்போகும்போது அவர்கள் அடையும் மகிழ்ச்சியை எந்த மதிப்பெண்ணும் தராது.

விண்மீனும் கொடிமரமும்

கிறிஸ்மஸ் காலத்தில் நம் வீட்டு வாயில்களில் தொங்கும் விண்மீனுக்கு ஐந்து முனைகள். ஒரே அகலமுள்ள நீண்ட காகித நாடாவை எடுத்துச் சாதாரண முடிச்சாக இட்டு, கசங்காமல் மெல்ல இறுக்கித் தட்டையாக்கினால் ஓர் ஒழுங்கு ஐங்கோணம் கிடைக்கும். நாடாவின் ஒரு முனையை மேலும் ஒருமுறை உள்ளே மடித்து விளக்கொளியில் பிடித்தால், உள்ளே ஐமுனை விண்மீன் தெரியும். ஐங்கோணத்தின் ஒவ்வொரு கோணமும் 108 பாகை; விண்மீனின் ஒவ்வொரு முனையும் 36 பாகை. ஐந்து முனைகளையும் கூட்டினால் மீண்டும் அதே 180! இது ஏன் என்று ஆராய்வது ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு ஏற்ற சவால்.

வகுப்பறைக்கு வெளியேயும் கணிதம் காத்திருக்கிறது. பங்குக் கோயிலின் கொடிமரம் எவ்வளவு உயரம்? ஏறிப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு, அதன் நிழலையும் கொடிமரத்தின் நிழலையும் அதே வேளையில் அளக்க வேண்டும். குச்சியின் நிழல் 80 சென்டிமீட்டர், கொடிமரத்தின் நிழல் 12 மீட்டர் எனின், உயரம் 15 மீட்டர். வடிவொத்த முக்கோணங்கள் என்ற பாடம் இங்கே மண்ணில் கிடக்கிறது. மேக மூட்டமான நாளில் என்ன செய்வது என்று ஒரு மாணவர் கேட்பாராயின் அதுவே முக்கோணவியலுக்கு வாயில்: கோணமானி, நூல், சிறு கல் ஆகியவற்றால் ஓர் ஏற்றக்கோணக் கருவி செய்யலாம்.

காண்பது மட்டும் போதுமா?

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். செயல்வழிக் கல்வி என்ற பெயரில் வெட்டுவதும் ஒட்டுவதும் மட்டும் நடந்து, வகுப்பு கலகலப்பாக முடிந்துவிட்டால் அது கணிதமாகாது. கண் காட்டுவது எல்லாம் உண்மையாக இருந்துவிடாது என்பதையும் மாணவர் உணர வேண்டும். அதற்கும் ஒரு செயல் உண்டு.

ஒரு வட்டத்தின்மேல் இரண்டு புள்ளிகள் இட்டுக் கோட்டால் இணைத்தால் வட்டம் 2 பகுதிகளாகும். மூன்று புள்ளிகளை ஒன்றோடொன்று இணைத்தால் 4, நான்கு புள்ளிகளுக்கு 8, ஐந்துக்கு 16. ஆறு புள்ளிகளுக்கு எத்தனை? வகுப்பு முழுவதும் ஒரே குரலில் 32 என்று சொல்லும். எந்த மூன்று கோடுகளும் வட்டத்தினுள் ஒரே புள்ளியில் சந்திக்காதவாறு வரைந்து எண்ணச் சொல்லுங்கள். எத்தனை முறை எண்ணினாலும் 31 தான் வரும். வகுப்பில் எழும் அந்த அமைதி விலைமதிப்பற்றது. ஐந்து புள்ளிகள் வரை உண்மையாக இருந்தது ஆறாம் புள்ளியில் பொய்த்துவிட்டது. ஆகவேதான் நிரூபணம் வேண்டும். தேற்றங்களுக்கு நிரூபணம் எழுதுவது தேர்வுக்கான தண்டனை என்று எண்ணியிருந்த மாணவர், அது ஏமாறாமல் இருப்பதற்கான காவல் என்பதை அன்று அறிந்துகொள்வார்.

மடிப்பு உண்மையை ஊகிக்க உதவும். ஏன் என்ற வினா அதனை உறுதிப்படுத்தும். இரண்டும் இணைந்ததே நல்ல கணித வகுப்பு.

ஆசிரியரின் இடர்ப்பாடுகள்

“அறுபது பேர் உள்ள வகுப்பு, நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளை, ஆண்டு இறுதியில் பொதுத் தேர்வு. இதற்கெல்லாம் நேரம் எங்கே?” என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்பது நியாயமே. நாள்தோறும் இவ்வாறு செய்ய எவரும் கேட்கவில்லை. ஒவ்வொரு பாடப் பகுதியின் தொடக்கத்திலும் ஒரே ஒரு பாடவேளை ஒதுக்கினால் போதும். முதல் பத்து நிமிடம் வினாவை முன்வைத்து, ஒவ்வொருவரும் தம் ஊகத்தை எழுதட்டும். அடுத்த பதினைந்து நிமிடம் நால்வர் கொண்ட குழுக்களாகச் செய்து பார்க்கட்டும். பத்து நிமிடம் குழுக்கள் தாம் கண்டதைச் சொல்லட்டும். எஞ்சிய பத்து நிமிடத்தில் ஆசிரியர் அவர்கள் சொற்களிலிருந்தே விதியைத் திரட்டி, காரணத்தோடு கரும்பலகையில் எழுதலாம்.

பெரிய வகுப்பு என்பதும் சில வேளைகளில் ஒரு பேறே. அறுபது பேர் அறுபது வெவ்வேறு முக்கோணங்களை வெட்டி மடித்து, எல்லாவற்றிலும் ஒரே முடிவு வரும்போது அதன் ஆற்றலே தனி. ஒவ்வொருவரும் ஒரு நாணயத்தை இருபது முறை சுண்டினால் வகுப்பில் 1,200 முடிவுகள் சேரும். தனித்தனியே பார்த்தால் ஒருவருக்குத் தலை 6 முறையும் மற்றொருவருக்கு 13 முறையும் விழுந்திருக்கலாம். அனைத்தையும் கூட்டினால் பாதியை நெருங்கும். நிகழ்தகவைப் பத்துப் பேர் உள்ள வகுப்பில் இவ்வளவு தெளிவாகக் காட்ட முடியாது.

நம் மாநிலத்தில் இத்தகைய முன்னோடிகளுக்குக் குறைவில்லை. சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்த பி. கே. சீனிவாசன் (1924–2005), மேதை இராமானுஜனைப் பற்றிய கடிதங்களையும் நினைவுகளையும் அரிதின் முயன்று திரட்டி 1968-இல் வெளியிட்டார். 1993-இல் இராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் உருவாக வழிகோலினார். ஒரு பள்ளி ஆசிரியரின் ஆர்வம் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

பெற்றோர் செய்யக்கூடியது

பெற்றோர்களே, இதில் உங்கள் பங்கு மிகப் பெரிது. உயர்நிலை வகுப்புக் கணக்கு உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அதனால் தாழ்வில்லை. பிள்ளையுடன் அமர்ந்து, “எனக்கும் மடித்துக் காட்டு” என்று கேளுங்கள். பிறருக்கு விளக்கிச் சொல்லும்போதுதான் தனக்குப் புரிந்ததா என்பது பிள்ளைக்குத் தெரியும். “நம் குடும்பத்துக்கே கணக்கு வராது” என்ற சொல் மட்டும் இனி வீட்டில் ஒலிக்க வேண்டாம். சிறப்பாகப் பெண் பிள்ளைகளின் காதில் அது விழவே கூடாது.

ஒரு தாளை ஏழெட்டு முறைக்கு மேல் பாதியாக மடிக்க முடியாது என்று மக்கள் நெடுங்காலம் நம்பினர். கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற பிரிட்னி கேலிவன் என்னும் மாணவி அதனை அப்படியே ஏற்கவில்லை. மடிக்க மடிக்கத் தடிப்பும் இழக்கும் நீளமும் எவ்வாறு வளர்கின்றன என்று கணக்கிட்டு, அதற்கு ஒரு சூத்திரமும் கண்டறிந்தாள். 2002-ஆம் ஆண்டில், ஏறத்தாழ 1,200 மீட்டர் நீளமுள்ள மெல்லிய தாள் சுருளைப் பன்னிரண்டு முறை மடித்துக் காட்டினாள். “முடியாது” என்று ஊரார் சொன்ன இடத்தில் அவள் கேட்டது “ஏன் முடியாது?” என்பதே.

அந்தக் கேள்வியை நம் பிள்ளைகளும் கேட்கட்டும். இன்று மாலை ஒரு தாளை அவர்களிடம் கொடுத்து, ஒரு புதிரும் போடுங்கள்: ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிப்புள்ள தாளை 27 முறை மடிக்க முடிந்தால் அதன் உயரம் எவ்வளவு இருக்கும்? முதலில் ஊகிக்கட்டும், பின்னர் இரண்டு இரண்டாகப் பெருக்கிப் பார்க்கட்டும். எவரெஸ்ட் சிகரமும் தாழ்ந்து நிற்கும் ஓர் எண், 13 கிலோமீட்டருக்கும் மேலாக, அவர்கள் கையெழுத்திலேயே வந்து நிற்கும். கணக்கு வராது என்று சொல்லப்பட்ட பிள்ளையே அதனைக் கணக்கிட்டு நம்மிடம் கொண்டுவந்து காட்டும்.